கோயிற் பதிவேட்டில் எங்கள் பூட்டிமார்

‘தாய் தகப்பனுக்கு என்ன வருத்தம் இருந்தது?’ என்று நோயாளரிடம் நாள்தோறும் கேட்கும் வைத்தியர்கள் நாங்கள். அம்மம்மா வரை பதில் வரும், அதற்கப்பால் மௌனம்தான். இடப்பெயர்வில் உறுதிகளும் படங்களும் போனபின் எங்கள் வீட்டிலும் அதே நிலை. அதனாலேயே கோயிற் பதிவேடுகளைத் தேடிப் போனோம்.

‘நாங்கள் சைவர், எங்களுக்கென்ன?’ என்று பக்கத்தைப் புரட்டப்போகும் சிநேகிதிகளே, சற்றுப் பொறுங்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் ஆட்சியில், ஞானஸ்நானம் பெறாதவருக்கு அரச உத்தியோகம் கிடைப்பது அரிது. வீட்டில் விபூதியும் கோயிலில் கிறிஸ்தவப் பெயருமாக வாழ்ந்தவர் அநேகர். கோயிலும் பள்ளிக்கூடமும் சேர்ந்திருந்த அக்காலத்தில் ஊராரின் ஞானஸ்நானத்தையும் கலியாணத்தையும் உபாத்தியாயரே பாடசாலைத் தோம்பில் எழுதிவந்தார். தென்மேற்குக் கரையோரத் தோம்புகளில் ஒரு பகுதி கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கிறது. அவற்றிலிருந்து ஒருவருடைய சமயத்தை முடிவுகட்டாதீர்கள்; பெயரும் ஊரும் உறவும்தான் நமக்குப் பயன்.

கத்தோலிக்கப் பங்குகளின் ஏடுகளில் பெற்றோரோடு ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களும் இருக்கும். பெரும்பாலும் அவர்களும் சொந்தக்காரரே. 1908 முதல், ஒருவர் எந்தப் பங்கில் மணம் முடித்தாலும் அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்கவேண்டும் என்பது திருச்சபை விதி. வாழ்க்கைப்பட்டு வேற்றூர் போன பெண்ணைத் தொடர அந்த ஓரக்குறிப்பைவிட நல்ல வழியில்லை.

எங்களைத் திடுக்கிட வைத்தது விவாகப் பதிவேடு. நெருங்கிய இரத்த உறவில் மணம் முடிக்கத் திருச்சபையின் விலக்கு வேண்டும். அதுவும் பதிவில் ஏறும். எங்கள் பூட்டனும் பூட்டியும் சொந்த மச்சான் மச்சாள் என்று அப்படித்தான் அறிந்தோம். அவர்களுடைய பிள்ளைகள் மூவர் சிறுவயதில் இறந்ததை வீட்டில் ‘கண்ணூறு’ என்பார்கள். அடக்கப் பதிவேட்டில் மூவரின் பெயரும் வயதும் இருந்தன, காரணம் எழுதப்படவில்லை. காய்ச்சலும் வயிற்றோட்டமும் குழந்தைகளை வாரிக்கொண்டுபோன காலமது. பரம்பரை நோய் என்று இன்று நாங்கள் தீர்ப்பெழுதினால் அது வைத்தியமாகாது. ஆயினும் எங்கள் பிள்ளைகளின் மருத்துவக் குறிப்பில் அந்த உறவுமுறையைச் சேர்த்துவிட்டோம்.

பங்குத் தந்தைக்கு எழுதும்போது ஊர், ஏறத்தாழ ஆண்டு, பெற்றோர் பெயர் மூன்றையும் குறிப்பிடுங்கள். அதற்கு முன், வீட்டில் மூத்தவர் யாரும் இருந்தால் ஞானஸ்நானப் பெயரைக் கேட்டுவையுங்கள். எங்கள் பூட்டியை ‘தங்கம்’ என்று இரண்டு நாள் தேடினோம். ஏட்டில் அவர் அன்னம்மாள்.