மின்வாரியம் பிறந்த கதை

தமிழ்நாட்டில் மின்சாரத்தை முதலில் விற்றவர்கள் தனியார்தான். மின்வாரியத்தைத் தனியாருக்குக் கொடுக்கலாமா, கூடாதா என்று இன்று வாதிடுகிறவர்களில் பலர் இதை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். ஆரம்பம் முதலே அரசு கையில் இருந்த தொழிலை இப்போதுதான் வெளியே விடப் போகிறோம் என்பது அவர்கள் எண்ணம். நடந்தது நேர் எதிர். தனியார் முதலில் வந்தார்கள், ஓரளவு செய்தார்கள், ஓர் எல்லையில் நின்றார்கள். அந்த எல்லைக்கு அப்பால் போவதற்கென்றே பிறந்ததுதான் வாரியம்.

சென்னையில் 1895-லேயே டிராம் மின்சாரத்தில் ஓடியது. அடுத்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற பிரிட்டிஷ் கம்பெனி பேசின் பிரிட்ஜில் நிலக்கரி மின்நிலையம் வைத்து நகரத்துக்கு விளக்கேற்றியது. பிறகு திருச்சி, வேலூர், கும்பகோணம் என்று ஊருக்கு ஊர் கம்பெனிகள் வந்தன. 1910-ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டம் இவர்களுக்கு உரிமம் தந்தது. உரிமம் என்றால் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் விற்கும் உரிமை. தெருவிளக்கு, அரிசி ஆலை, சினிமா கொட்டகை, வசதியான வீடுகள் என்று காசு வரும் இடத்துக்குக் கம்பி போனது. எல்லைக்கு வெளியே இருந்த கிராமத்துக்குக் கம்பம் நடும் கடமை அவர்களுக்கு இல்லை. நட்டால் லாபமும் இல்லை. பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கம்பெனி அப்படித்தான் நடக்கும். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த அமைப்பின் கணக்கு அப்படி.

அரசு இதில் இறங்கியது மலைமேலிருந்து. சி.பி. ராமசாமி ஐயர் சென்னை அரசின் சட்ட உறுப்பினராக இருந்த 1920-களில் பைக்காரா நீர்மின் திட்டத்துக்காக முனைந்து நின்றார். 1927-ல் அரசு மின்துறை ஏற்பட்டது. நீலகிரியில் பைக்காரா ஆற்றின் நீரைக் குழாய்களில் கீழே இறக்கி எடுத்த மின்சாரம் 1932-ல் சமவெளிக்கு வந்தது. கோயம்புத்தூரில் பெருகிய பஞ்சாலைகளும், அந்த வட்டாரத்துக் கிணறுகளில் உட்கார்ந்த பம்புசெட்டுகளும் அதன் பிள்ளைகள். 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம் என்று அரசின் மின்நிலையங்கள் வளர்ந்தன. உற்பத்தியில் அரசு, பல ஊர்களின் விநியோகத்தில் கம்பெனி என்று இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடிய காலம் அது.

யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்வியை நாட்டின் முன் தெளிவாக வைத்தவர் அம்பேத்கர். இது போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் மனக்குறை. 1942 முதல் 1946 வரை அவர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது. போருக்குப் பிந்தைய மின்வளர்ச்சி பற்றி ஆராய்ந்த கொள்கைக் குழுவில் 1943 அக்டோபரில் பேசியபோது, அவர் எடுத்த எடுப்பிலேயே எழுப்பிய கேள்வி இதுதான்: மின்சாரம் தனியாருடையதாக இருக்க வேண்டுமா, அரசுடையதாகவா? தனியாரிடம் இருந்தால் மக்கள் நலனைக் காக்க என்ன நிபந்தனைகள் தேவை என்றும் கேட்டார். அவருக்கு இது நிர்வாக வசதி பற்றிய விஷயமல்ல. நிலத்தை மட்டுமே நம்பிய வறுமையிலிருந்து இந்தியா வெளியேறத் தொழில் வேண்டும், தொழிலுக்கு மலிவான, தாராளமான மின்சாரம் வேண்டும் என்பது அவர் வாதம். உடைமை பற்றிய கேள்வியை அவர் அந்த இலக்கை வைத்தே அளந்தார். இன்றைய விவாதத்தில் நான் தேடியும் காணாதது அந்த அளவுகோலைத்தான்.

அந்த ஆண்டுகளின் யோசனைகள் விடுதலைக்குப் பிறகு 1948-ன் மின்சார வழங்கல் சட்டமாக வந்தன. பிரிட்டனின் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது அது. பிரிட்டன் அதே 1948-ல் மின்தொழில் முழுவதையும் தேசியமயமாக்கிவிட்டது; நம் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. உரிமம் பெற்ற கம்பெனிகளை அது ஒழிக்கவில்லை, அவர்களின் லாபத்துக்கு உச்சவரம்பு கட்டியது. பம்பாயில் டாட்டாவும் கல்கத்தாவின் கம்பெனியும் தொடர்ந்து நடந்தன. ஆனால் மாநிலந்தோறும் ஒரு வாரியம் அமைக்கச் சட்டம் சொன்னது. உரிமதாரர் எவரும் எட்டாத, அல்லது அரைகுறையாக எட்டிய பகுதிகளில் தனிக் கவனம் வைக்க வேண்டும் என்று வாரியத்துக்குக் கடமை விதித்தது. வாரியம் எதற்காகப் பிறந்தது என்று யாராவது கேட்டால் இந்த ஒரு கடமையைக் காட்டினால் போதும்.

சென்னை அரசு 1947-லேயே நகரத்துக் கம்பெனியை எடுத்துக்கொண்டது. மற்ற ஊர்க் கம்பெனிகளை எடுக்க 1949-ல் போட்ட சட்டம் வழக்குக்குப் போனது. அப்படி ஒரு சட்டம் இயற்ற மாகாணத்துக்கு அன்று அதிகாரம் இல்லை என்று ராஜமுந்திரி கம்பெனி வழக்கில் 1954-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு அதே ஆண்டில் புதிய சட்டம் கொண்டுவந்தது. 1957 ஜூலை 1 அன்று மின்துறை மாறி, சென்னை மாநில மின்சார வாரியம் ஆனது. மிச்சமிருந்த தனியார் நிறுவனங்களைக் கையகப்படுத்த 1973-ல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. கால் நூற்றாண்டு இழுத்த மாற்றம் இது.

பிறந்த வேலையை வாரியம் செய்தது. 1980-கள் முடிவதற்குள் ஏறத்தாழ எல்லாக் கிராமங்களுக்கும் கம்பி போய்விட்டது. லட்சக்கணக்கான கிணறுகளில் மாடு இழுத்த கவலை போய் பம்புசெட் வந்தது.

பிறவியிலேயே ஒரு சிக்கலும் இருந்தது. முடிந்த வரை நஷ்டமில்லாமல் நடத்து என்று சட்டம் வாரியத்துக்குச் சொன்னது. கொள்கை விஷயத்தில் அரசு சொல்வதைக் கேள் என்றும் அதே சட்டம் சொன்னது. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. கொடுத்தது சரி என்றே நினைக்கிறேன். பம்புசெட் ஓட வேண்டும். ஆனால் அறிவித்தவர் அரசு, சுமந்தது வாரியம். 1990-களில் தனியார் மின் உற்பத்தியை அழைத்தபோது அதே பேசின் பிரிட்ஜிலேயே ஒரு தனியார் டீசல் எஞ்சின் மின்நிலையம் எழுந்தது. இத்தகைய நிலையங்களோடு போடும் கொள்முதல் ஒப்பந்தங்களில் எரிபொருள் விலை ஏறினால் அந்தச் சுமையும் வாங்குகிறவர் தலையில்தான் விழும். கடன் மலைபோல் ஏறியது. 2010-ல் வாரியம் அரசுக் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டது. 2017-ல், மின்விநியோக நிறுவனங்களின் கடனைச் சீர்செய்யும் மத்திய அரசின் உதய் திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தபோது 22,815 கோடி ரூபாய்க் கடனை மாநில அரசு ஏற்றுக்கொண்டது.

இந்தக் கடனைக் காட்டித்தான் தனியாருக்குக் கொடு என்கிறார்கள். கம்பெனி வந்தால் லாபம் தரும் நகரங்களைத்தான் முதலில் கேட்கும். நகரத்தில் வரும் உபரிதான் கிராமத்துக் கம்பத்தை இன்றும் தாங்குகிறது. அதைப் பிரித்துக் கொடுத்தால் நாம் திரும்பிப் போவது 1910-ன் உரிம எல்லைக்கு. கம்பி பொதுவுடைமையாகவே இருக்கட்டும். கணக்கு மட்டும் நேராகட்டும். மானியம் அறிவிக்கும் அரசு அந்தப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று 2003 மின்சாரச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு சொல்கிறது. அடுத்த முறை மின்கட்டணம் ஏறும்போது, அந்தப் பணம் முழுதாக, நேரத்துக்குக் கட்டப்பட்டதா என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்.