களுத்துறையும் தோட்டங்களும்: ஒரு சுகாதார வரலாற்றின் இரு பக்கங்கள்

1978 ஆம் ஆண்டு செப்டெம்பரில், அன்றைய சோவியத் ஒன்றியத்தின் அல்மா ஆட்டா நகரில் கூடிய சர்வதேச மகாநாடு, ஆரம்ப சுகாதார சேவையைத் திட்டமிடுவதிலும் நடைமுறைப்படுத்துவதிலும் பங்குகொள்வது மக்களின் உரிமையும் கடமையுமாகும் என்று பிரகடனம் செய்தது. இலங்கைக்கு இது புதிய பாடமல்ல என்பது எனது கருத்து. அரை நூற்றாண்டுக்கு முன்னரே, ஒரு தோல்வியின் வாயிலாக இந்நாடு அதனைக் கற்றிருந்தது.

முதலாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றம் இலங்கையின் பெருந்தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை ஆரம்பித்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு மருந்து ஊட்டப்பட்டது. புழு வெளியேறியது. ஆனால், போதிய மலசலகூடங்களைக் கட்டுவதற்குத் தோட்டத் துரைமார் பலர் முன்வரவில்லை. வெறுங்காலுடன் அதே மண்ணில் நடந்தவர்களை நோய் மீண்டும் பற்றிக்கொண்டது. தொழிலாளர்கள் சிகிச்சை பெறுவோராக இருந்தார்களே தவிர, எந்தத் தீர்மானத்திலும் அவர்களுக்குப் பங்கு இருக்கவில்லை.

மருந்து மட்டும் போதாது என்பது இதிலிருந்து புலனாகியது. 1926 இல் அதே மன்றத்தின் ஒத்துழைப்புடன் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. வரையறுக்கப்பட்ட ஒரு பிரதேசம். அதற்குப் பொறுப்பாக ஒரு சுகாதார வைத்திய அதிகாரி. அவருக்குக் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் தாதியரும் மருத்துவிச்சிகளும். நோயாளி வரும்வரை காத்திராமல் இவர்கள் வீடுகளை நாடிச் சென்றனர். கிராமத்துடன் நெருங்கிப் பழகிய மருத்துவிச்சியே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி.

மக்கள் பக்கத்திலும் அமைப்புகள் உருவாகின. யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை மணந்து இலங்கையைத் தாயகமாக்கிக்கொண்ட கனேடிய வைத்தியர் மேரி இரட்ணம், 1930 இல் லங்கா மகிளா சமிதியை நிறுவினார். தம் நாட்டுக் கிராமப் பெண்கள் சங்கங்களை முன்மாதிரியாகக் கொண்ட இச்சமிதிகளில், போசாக்கையும் சுகாதாரத்தையும் கிராமப் பெண்கள் தாமே கற்றுப் பரப்பினர்.

ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்ட 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின் பின்னர் சுகாதாரப் பிரிவுகள் நாடெங்கும் விரிவடைந்தன. கொள்ளைநோய் ஆண்டான 1935 இல் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஒரு வயதுக்கு முன் மாண்டன. இன்று அத்தொகை பத்துக்கும் குறைவு. குறைந்த செலவில் நல்லாரோக்கியம் கண்ட நாடுகளைப் பற்றி 1985 இல் றொக்பெல்லர் மன்றம் வெளியிட்ட ஆய்வில் சீனா, கொஸ்ராரிக்கா, கேரளம் ஆகியவற்றுடன் இலங்கையும் இடம்பெற்றது.

இப்பெருமையில் ஒரு குறை உண்டு. இயக்கம் எந்தத் தோட்டங்களில் ஆரம்பமானதோ, அந்த மலையகமே அதன் பலனைக் கடைசியாகக் கண்டது. அங்கு சுகாதாரம் நீண்டகாலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே இருந்தது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் தொழிலாளரின் அரசியல் குரலையும் பறித்தது. குழந்தை மரணம் பல தசாப்தங்களாகத் தோட்டங்களிலேயே உயர்ந்திருந்தது.

வெளிநாட்டு உதவி இரண்டு இடங்களுக்கும் ஒரே மன்றத்திலிருந்துதான் வந்தது. களுத்துறையில் அது மக்களிடம் சென்றது. தோட்டங்களில் துரைமாரின் வாசலில் நின்றுவிட்டது. உதவித் திட்டங்களை வரைவோர் முதலில் படிக்கவேண்டிய பாடம் இதுவே.