தேள் நஞ்சும் சோடியம் கால்வாயும்

நரம்பு, தசை ஆகியவற்றின் செல்படலத்தில் பதிந்திருக்கும் சோடியம் கால்வாய் என்னும் புரதம் எப்படித் திறந்து அடைபடுகிறது என்பதை வெளிப்படுத்திய முதன்மைக் கருவிகளுள் ஒன்று தேள் நஞ்சு.

கால்வாயின் அமைப்பு

படலத்தின் மின்னழுத்தம் மாறியதும் கால்வாய் திறக்கிறது. சோடியம் அயனிகள் உள்ளே பாய, நரம்புத் துடிப்பு எழுகிறது. ஓரிரு மில்லிநொடிகளில் கால்வாய் தானே அடைபடுகிறது. கணவாயின் பெருநரம்பில் இவ்விரு நிகழ்வுகளையும் அளந்து, ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் 1952-இல் சமன்பாடுகளாக வகுத்தனர். கால்வாயின் முதன்மைப் புரதம் ஒத்த 4 கூறுகளால் ஆனது. ஒவ்வொரு கூறிலும் 6 சுருள்கள். நேர்மின்னேற்றம் தாங்கிய 4-ஆம் சுருளே மின்னழுத்த உணரியின் இயங்கும் உறுப்பு.

நஞ்சு காட்டியவை

ஆல்ஃபா வகை நஞ்சு 4-ஆம் கூறின் உணரியைப் பற்றிக்கொண்டு மேலெழ விடாமல் தடுக்கிறது. அப்போதும் கால்வாய் திறக்கிறது, அடைபடத்தான் தாமதமாகிறது. விரைந்து அடைபடுவதற்கு 4-ஆம் கூறின் அசைவு தேவை என்பது இதனால் தெளிவாயிற்று. பீட்டா வகை நஞ்சு 2-ஆம் கூறின் உணரியை மேலெழுந்த நிலையிலேயே பிடித்துவைக்கிறது. சிறிய மின்மாற்றத்துக்கே கால்வாய் திறந்துவிடுகிறது. ஒளி பட்டால் ஒட்டிக்கொள்ளுமாறு மாற்றிய தேள் நஞ்சைக் கொண்டு, வில்லியம் கேட்டராலின் குழு 1980-இல் கால்வாய்ப் புரதத்தையே அடையாளம் கண்டது.

இந்தியச் செந்தேள்

ஆய்வகத்தில் கண்ட இதே தாமதம் மருத்துவமனையில் உயிர்ப்போராட்டமாகிறது. ஹொட்டன்டோட்டா டாமுலஸ் என்னும் செந்தேள் இந்தியாவிலும் இலங்கையின் யாழ்ப்பாணத்திலும் வாழ்கிறது. அது கொட்டினால், அடைபடாத கால்வாய்களால் தூண்டப்பட்ட தன்னியக்க நரம்புகள் அட்ரினலின் வகைப் பொருள்களை அளவின்றிச் சுரக்கச் செய்கின்றன. வியர்வை பெருகும், வாந்தி வரும், கை, கால் சில்லிடும். இரத்த அழுத்தம் ஏறி, பின் இதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோக்கும். மகாராட்டிரத்தின் மகாட் பகுதி மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் 1980-களில் பிரசோசின் மருந்தைப் பயன்படுத்தி இறப்புகளைப் பெரிதும் குறைத்தார். அம்மருந்து நஞ்சை அகற்றுவதில்லை. மிகுந்த சுரப்பு இரத்தக்குழாய்களை இறுக்குவதைத் தடுக்கிறது.

மலேசியக் கருந்தேள்

தீபகற்ப மலேசியாவின் பெரிய கருந்தேளான ஹெட்டரோமெட்ரஸ் ஸ்பினிஃபர் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் நஞ்சில் நன்கு ஆராயப்பட்ட ஒரு புரதக்கூறு, பொட்டாசியம் கால்வாயை அடைப்பது. அது கொட்டினால் வலிக்கும். உயிருக்கு ஆபத்து அரிது. தேளின் உருவைக் கொண்டு நஞ்சின் கடுமையை அளக்க முடியாது. கொட்டுப்பட்ட குழந்தைக்கு வியர்வையும் வாந்தியும் கண்டு கை, கால் குளிர்ந்தால், வலி குறைவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.