கொமா போட முன் வரலாறு தெரிய வேண்டும்



சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ‘ஹூ’, ‘விச்’ படிப்பிக்கும்போது நாங்கள் நமது ஊரின் கதையையே உதாரணமாக எடுக்கிறோம். அந்த இடத்தில் ஒரு கொமா, எத்தனை பேரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையே மாற்றிவிடும்.

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். அந்த மாதத்தில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்தார்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கல்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார்கள்.

இதை ஆங்கிலத்தில் இப்படி எழுதலாம்: “த முஸ்லிம்ஸ் ஒஃப் ஜஃப்னா, ஹூ வேர் எக்ஸ்பெல்ட் இன் 1990, லொஸ்ட் தெயர் ஹோம்ஸ்.” ‘ஹூ’ பகுதிக்கு முன்னும் பின்னும் கொமா இருப்பதால், வெளியேற்றப்பட்டது யாழ்ப்பாண முஸ்லிம்கள் அனைவரும் என்று அர்த்தம். இரண்டு கொமாவையும் எடுத்துப் பாருங்கள். வெளியேற்றப்பட்ட சிலர் மட்டும் வீடிழந்தார்கள், மற்றவர்கள் அங்கேயே இருந்தார்கள் என்று ஆகிவிடும். அது உண்மை அல்ல.

இனி மறுபக்கம்: “த நோர்தர்ன் முஸ்லிம்ஸ் ஹூ ரிட்டர்ன்ட் ஆஃப்டர் 2009 நீட் ஹவுசஸ்.” யுத்தம் முடிந்தபின் திரும்பியது ஒரு பகுதியினர்தான். ஆகவே இங்கே கொமா கூடாது. போட்டால் எல்லோரும் திரும்பிவிட்டார்கள் என்றாகும். இன்றும் புத்தளத்தில் வாழும் குடும்பங்கள் அந்த வசனத்திலிருந்து காணாமல் போய்விடும்.

பிள்ளைகள் இதில் தடுமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வரும். “2009இன் பின் திரும்பிய வடக்கு முஸ்லிம்கள்” என்றால் எல்லோருமா, சிலரா? எழுத்தில் தெரியாது. நமது ஓலைச்சுவடிகளில் கொமாவே இல்லை. அச்சோடு அது வந்த பிறகும் இந்த வேலையை நாம் அதற்குக் கொடுக்கவில்லை. ‘அனைவரும்’, ‘சிலர்’ என்று சொல் சேர்த்தே காட்டுகிறோம்.

மனு எழுதும்போதும், நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதும்போதும் இதையே முதலில் கேட்போம்: எல்லோருமா, சிலரா? அதற்கான பதில் இலக்கணப் புத்தகத்தில் கிடைக்காது. நடந்ததைக் கண்ட வாப்பாமாரிடமும் உம்மாமாரிடமும் இருக்கிறது. அவர்கள் நம்மோடு இருக்கும்போதே பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள்.