கல்லறையில் ஒரு முகம்

நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளை மந்திரிக்கச் செல்லும்போது இன்று நம் கண்ணில் முதலில் படுவது சிலுவையன்று, முகம். மெருகிட்ட கருங்கல்லிலிருந்து இறந்தவர் நம்மை நோக்குகிறார். கீழ்வேளூர்ப் பகுதியோ வண்டல் மண். கல்லே இல்லாத பூமி. வெளியூர்க் கல்லை வரவழைத்து அதில் முகத்தையும் பதிக்கும் இவ்வேட்கை எங்கிருந்து வந்தது?

நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியமே வகுத்துரைக்கிறது. ஆயினும் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த மிகப் பழைய நடுகற்களில் உருவம் இல்லை. எழுத்து மட்டுமே உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் காலத்தில் எழுந்த நடுகல்லிலோ வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. கள்வரைக் கடித்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் பொறித்திருக்கிறார்கள். (நாய்க்கும் பெயர் எழுதிய அந்த நன்றியுணர்வை என்னென்பது!) சிற்பி காட்ட விரும்பியது வீரனின் முகச்சாயலையன்று, அவன் மாண்ட விதத்தை.

தஞ்சையிலும் அவ்வாறே. 1798இல் மறைந்த லுத்தரன் குரு சுவார்ட்ஸ் ஐயருக்கு இரண்டாம் சரபோஜி மன்னர் சிவகங்கைக் கோட்டை ஆலயத்தில் வைத்த பளிங்குச் சிற்பம், படுக்கையில் கிடக்கும் குருவை மன்னர் காண வந்த காட்சியைக் காட்டுகிறது. வடித்தவர் இந்தியாவையே காணாத ஆங்கிலச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன். அரசர் ஒருவருக்கன்றி அத்தகைய செலவு யாருக்கு இயலும்?

எளியோருக்கும் முகத்தைத் தந்தது நிழற்படமே. 1854இல் பிரான்சு நாட்டில் புலோ, கத்தேன் என்னும் இருவர், படத்தைப் பீங்கானிலும் எனாமலிலும் பதிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். சூளையில் சுடும்போது வண்ணம் மேற்பூச்சோடு உருகி ஒன்றாகிவிடும். ஆகவே வெயிலும் மழையும் அதை எளிதில் அழிப்பதில்லை. கண்ணாடிக்குள் வைக்கும் காகிதப் படமோ நம் கடற்கரை ஈரத்தில் சில ஆண்டுகள்கூடத் தாங்காது. இப்போது லேசர் கதிர், கருங்கல்லின் மெருகைப் புள்ளி புள்ளியாகச் சிதைத்து, வெளிறிய அப்புள்ளிகளாலேயே முகத்தை எழுதிவிடுகிறது.

ஆனால், பீங்கானுக்கும் லேசருக்கும் முன்னதாக ஒரு படம் வேண்டும். நம் வட்டத்தைச் சேர்ந்த வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. நாம் பாலன் பிறப்பைக் கொண்டாடும் நாள் அது. அந்நாளில் கூலிக்காரர் வீட்டுக் குழந்தையை யார் படம் எடுத்து வைத்திருப்பார்கள்? அங்கே நினைவுக்கல் தாங்கி நிற்பவை பெயர்கள், புலிமான்கோம்பைக் கல்லைப் போல.