தண்ணீர்க் கணக்கு

போன வாரம் ஸாங் கப்பலை நடுக்கடலில் விட்டுவந்தோம். ஜமைக்கா கண்ணில் பட்டும், பிரெஞ்சுக்காரர் தீவு என்றெண்ணித் தாண்டிப் போய்விட்டார்கள். கரும்புத் தோட்டங்களுக்கென ஏற்றிய ஆப்பிரிக்கர்கள் கீழ்த்தளத்தில் நோயில் துடிக்கிறார்கள். அறுபது பேருக்கு மேல் ஏற்கெனவே இறந்தாயிற்று.

1781, நவம்பர் 29. கேப்டன் காலிங்வுட் மாலுமிகளைக் கூட்டினார்.

அதுவரை கப்பல் மருத்துவராக இருந்தவர். கேப்டனாக இதுதான் முதல் பயணம். இப்போது அவரே நோயாளி. லிவர்பூல் முதலாளிகளுக்கு என்ன பதில் சொல்வது?

அவருக்கு ஒரு கணக்குத் தெரியும். அடிமை நோயில் செத்தால் நஷ்டம் முதலாளிக்கு. கப்பலைக் காப்பாற்ற வேறு வழியின்றிக் கடலில் எறிந்தால், தலைக்கு 30 பவுண்டு காப்பீட்டுக்காரர் தரவேண்டும்.

"தண்ணீர் போதாது." காரணம் கிடைத்துவிட்டது.

முதலில் எதிர்த்ததாகத் துணை அதிகாரி கெல்சால் பின்னாளில் வாக்குமூலம் தந்தார். ஆனால் எதிர்ப்பு நிலைக்கவில்லை.

அன்று இரவே கேபின் ஜன்னல் வழியாக, ஒருவர் பின் ஒருவராக, 54 பேர் தள்ளப்பட்டார்கள்.

அத்தனை பேரும் பெண்கள், குழந்தைகள்.

டிசம்பர் 1 அன்று 42 ஆண்கள். அப்போது மழை கொட்டியது! பீப்பாய்கள் நிறைந்தன. இனியாவது நிறுத்தினார்களா?

இல்லை. மீண்டும் ஆட்களைத் தூக்கி எறிந்தார்கள். பிடிக்கவந்த கைகளுக்குச் சிக்காமல் பத்துப் பேர் தாமே குதித்தார்கள். எறியப்பட்ட ஒருவர் மட்டும் கயிற்றைப் பற்றிக் கப்பலுக்குள் ஏறித் தப்பினார்.

ஜமைக்காவை அடைந்தபோது கப்பலில் 420 கேலன் தண்ணீர் மிச்சம்!

காலிங்வுட் அங்கேயே இறந்தார். கப்பலின் நாட்குறிப்பு மாயமானது. முதலாளிகளோ கூசாமல் காப்பீட்டுப் பணம் கேட்டார்கள். லண்டன் ஜூரி அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. கொலை என்ற பேச்சே அங்கு எழவில்லை.

அந்தச் செய்தி ஒருவரைத் தூங்கவிடவில்லை. ஒலாடா எக்வியானோ. அடிமையாக இருந்து, தன் விலையைத் தானே கட்டி மீண்டவர். 1783 மார்ச் 19 அன்று கிரான்வில் ஷார்ப்பின் வீட்டுக்கு விரைந்தார். அடிமைகளுக்காகக் கோர்ட்டுப் படி ஏறிப் பழகியவர் ஷார்ப். விஷயத்தைக் கேட்டதும் அவர் முடிவெடுத்துவிட்டார். இது கொலை. விடக்கூடாது.

இதற்கிடையே, பணம் தர மறுத்த காப்பீட்டுக்காரர்கள் மறுவிசாரணை கேட்டார்கள். மனு நீதிபதி மான்ஸ்ஃபீல்டின் முன் வந்தது. ஒரு சொல்லும் தவறக்கூடாதென்று சுருக்கெழுத்தாளரையும் அழைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார் ஷார்ப்.

முதலாளிகளின் வக்கீல் ஜான் லீ. அரசின் சொலிசிட்டர் ஜெனரலும் அவரே. வாதத்தின் நடுவே சட்டென்று ஷார்ப் பக்கம் திரும்பினார்.

என்ன சொன்னார்?

அடுத்த வாரம்!