பூச்சுள்ள பக்கம்

தாள் கட்டைக் கையில் எடுத்ததும் அதன் ஓரங்களை விசிறிபோல விரித்துவிடுவேன். பிறகு மேசையில் நாலு பக்கமும் தட்டிச் சேர்ப்பேன். ரவாங்கில் சாயங்கால மழை பெய்து ஓய்ந்தால் காற்றே ஈரமாகிவிடும், தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விரிக்காமல் பிரிண்டருக்குள் வைத்தால் இரண்டு மூன்று சேர்ந்து போய்ச் சிக்கும். பன்னிரண்டு வயதில் சித்தப்பாவின் டிரெடில் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று படித்த பாடம் இது.

சித்தப்பா ரவாங் பட்டணத்தில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருந்தார். மலாயாவில் முதன்முதலாக மின்சாரம் பார்த்த ஊர் இது. 1894-இல் லோக் இயூவும் தம்புசாமி பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக இங்கே மின்னாக்கி கொண்டுவந்தார்கள். பத்துமலையில் முருகனுக்குக் கோயில் எழுப்பிய அதே தம்புசாமி பிள்ளைதான். சித்தப்பாவின் மிஷினுக்கோ மின்சாரமே வேண்டாம், கால் மிதி போதும். வலது கையால் வெற்றுத் தாளை வைப்பார், இடது கையால் அச்சான தாளை எடுப்பார். மிஷின் வாய் மூடுவதற்குள் இரண்டும் முடிந்திருக்க வேண்டும். மெல்லிய தாள் என்றால் அதற்கு அடியில் இன்னொரு தாளைக் கொடுத்து அழுத்தம் கூட்டுவார். அட்டை என்றால் அதை உருவிவிடுவார். பிற்காலத்தில் என் பழைய இங்க்ஜெட்டில் கனத்த தாளுக்கென்று இருந்த சின்ன நெம்புகோலைத் தள்ளிய ஒவ்வொரு தடவையும் அவர் விரல்கள்தான் என் நினைவுக்கு வந்தன.

ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து ஒரு கல்யாணப் பத்திரிகையை முடிக்க அவருக்கு ஒரு பகல் ஆகும். மாமன்மார், சித்தப்பன்மார், அவரவர் தோட்டத்தின் பெயர் எல்லாம் வரவேண்டும். அதனால் முன்னூறு, ஐந்நூறு என்று அடித்தால்தான் கட்டுப்படியாகும். முப்பது பத்திரிகை கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். பால்மரத் தோட்டத்தில் நாள் சம்பளம் வாங்கியவர்களுக்கு ஐந்நூறு எதற்கு? வெற்றிலை பாக்கு வைத்து வாயால் சொல்லிவிட்டுப் போவார்கள். சாவு என்றால் ஆள் விட்டுச் சொல்வார்கள். அச்சில் தன் பெயரைப் பார்க்காமலே போன ஒரு தலைமுறை இங்கே உண்டு. அதை நான் லேசாக நினைப்பதில்லை.

அப்போது கடையில் இருந்தது ஃபூல்ஸ்கேப் தாள், 8 அங்குலத்துக்கு 13 அங்குலம். முற்காலத்து ஐரோப்பியத் தாளில் கோமாளித் தொப்பி நீர்க்குறியாக இருந்ததால் வந்த பெயர். 1972-இல் எடை அளவுச் சட்டம் வந்து நாடு மெட்ரிக் முறைக்கு மாறிய பிறகு ஏ4 மெல்ல உள்ளே வந்தது. 1922-இல் ஜெர்மனியில் வகுத்த அளவு அது. ஏ0 தாள் சரியாக ஒரு சதுர மீட்டர். அதை நான்கு முறை பாதிபாதியாக வெட்டினால் 16 ஏ4. ஆகவே '80 கிராம்' தாளில் ஓர் ஏ4 எடை 5 கிராம், 500 தாள் கொண்ட ரீம் இரண்டரைக் கிலோ. இந்தக் கணக்கு எனக்கு இன்றும் அழகாகவே தெரிகிறது. சித்தப்பாவிடம் சொன்னபோது ஒரு ரீமைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

தாளைப் போலவே அச்சிடும் முறையும் மாறிக்கொண்டிருந்தது. 1977-இல் கேனன் ஆய்வகத்தில் இச்சிரோ எண்டோவின் சூடான பற்றவைப்புக் கோல் மை நிரம்பிய ஊசியின் முனையில் பட்டு, மை பீறிட்டுத் தெறித்தது. அவர்களுடைய இங்க்ஜெட்டுக்கு வித்து அதுதான். 1984-இல் ஹியூலெட் பேக்கர்டின் திங்க்ஜெட் வந்தது. அடுத்த ஆண்டு நம் முத்து நெடுமாறன் தமிழுக்கு 'முரசு' மென்பொருளைச் செய்தார். தமிழ் எழுத்து கணினியில் ஏறாமல் இங்க்ஜெட் மட்டும் வந்திருந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு அதனால் என்ன பயன்?

1998-இல் நான் முதல் கலர் பிரிண்டர் வாங்கினேன். முதல் வேலை 80 கல்யாணப் பத்திரிகை. சித்தப்பா கடையில் மிஞ்சியிருந்த வழவழப்பான ஆர்ட் கார்டையே வைத்தேன். அச்சகத்து மை எண்ணெய் மை, அந்த அட்டைப் பூச்சு அதற்கென்றே செய்தது. இங்க்ஜெட் மையோ தண்ணீர் மை. அட்டையின் மேல் முத்து முத்தாக நின்றது, காயவே இல்லை. அடுக்கி வைத்த பிறகு, ஒவ்வொரு பிள்ளையாரின் சிவப்பும் மேலே இருந்த பத்திரிகையின் முதுகில் ஏறிவிட்டது. மறுநாள் காலை பெண்ணின் அப்பா வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "தம்பி, முகூர்த்தத்துக்கு இன்னும் நாள் இருக்கு, நிதானமா செய்யி" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே இங்க்ஜெட்டுக்கென்று பூச்சு போட்ட அட்டையைத் தேடிக் கோலாலம்பூர் முழுக்க அலைந்தேன்.

அதிலிருந்து எந்தத் தாள் வந்தாலும் முதலில் விரலை லேசாக நனைத்து ஓரத்தில் தொடுவேன். பூச்சுள்ள பக்கம் விரலைப் பிடிக்கும், மறுபக்கம் பிடிக்காது. சாதாரணத் தாள் கீழ்த்தட்டில் கிடக்கலாம், வளைந்து திரும்பி மேலே வந்துவிடும். 230 கிராம் அட்டை அந்த வளைவில் திரும்பாது, அதற்குப் பின்பக்கத் தட்டுதான். பிறகு கணினியில் தாளின் வகையைச் சரியாகச் சொல்ல வேண்டும். சாதாரணத் தாளை வைத்துவிட்டுப் போட்டோ பேப்பர் என்று சொன்னால், மையைக் கொட்டித் தாளை நனைத்துவிடும்.

மை விலைதான் நெடுநாள் கழுத்தை நெரித்தது. இந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் நாங்கள் பிரிண்டருக்கு வெளியே மைப் புட்டியை வைத்துக் குழாய் இழுத்து ஓட்டினோம். 2010-இல் எப்சனே மைத்தொட்டி வைத்த பிரிண்டரை முதலில் இந்தோனேசியாவில் விற்க ஆரம்பித்தது. அதன் பிறகு முப்பது பத்திரிகைக்கும் நான் இல்லை என்று சொல்வதில்லை.

போன வாரம் ஓர் அம்மா வந்தார். தோட்டம் வீடுகள் நிறைந்த தாமானாகிப் பல வருடம் ஆகியும், பத்திரிகையில் அந்தத் தோட்டத்தின் பெயரைப் போடச் சொன்னார். கணவருக்குப் பதினாறாம் நாள் காரியம், 40 பத்திரிகை, அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்றுதான் இருந்தது. அச்சிடும் அட்டையைத் தொட்டுப் பார்த்து, பூச்சு மேலே இருக்கும்படி பின்பக்கத் தட்டில் வைத்தேன். ஒவ்வொன்றாக வந்தவற்றை அடுக்காமல் மேசை முழுக்கப் பரப்பினேன். அவர் கை நீட்டி ஒன்றின் முகத்தைத் தொடப் போனார். "இன்னும் காயலம்மா, கொஞ்சம் பொறுங்க" என்றேன். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.